செயின் விட்டுச் செயின்: பிரிட்ஜ்களுடன் சில ஆண்டுகள்

எத்தீரியம், அதன் மேல் இயங்கும் ஆப்டிமிசம், காஸ்மாஸ் என்று பல பிளாக்செயின்களில் சில ஆண்டுகளாகப் புழங்கி வருகிறேன். ஒரு செயினிலிருந்து இன்னொன்றுக்கு டோக்கன்களை (டிஜிட்டல் நாணயங்களை) அனுப்ப உதவும் பிரிட்ஜ்களில் எது நல்லது என்று யார் கேட்டாலும், கட்டணத்தையும் வேகத்தையும் பிறகு பார்க்கலாம், அந்தச் செயினில் நடந்ததை இந்தச் செயினுக்கு உறுதிசெய்து சொல்வது யார் என்று முதலில் பாருங்கள் என்பேன்.

ஒரு பிளாக்செயினுக்கு இன்னொன்றில் நடப்பது தானாகத் தெரியாது. பெரும்பாலான பிரிட்ஜ்களில் டோக்கன் எங்கும் போவதும் இல்லை. இங்கே ஒரு ஸ்மார்ட் ஒப்பந்தத்தில் (செயினில் தானே இயங்கும் நிரலில்) பூட்டப்படுகிறது, அங்கே அதற்கு ஈடாக வேறொரு டோக்கன் உருவாகிறது. இந்தப் பூட்டுக்குச் சாட்சி யார் என்பதில்தான் ஆபத்தெல்லாம். 2022 மார்ச்சில் ரோனின் என்ற செயினின் பிரிட்ஜில் உறுதிசெய்து கையெழுத்திடும் 9 வேலிடேட்டர்களில் 5 பேரின் ரகசியச் சாவிகள் திருடர்களிடம் சிக்கின. 60 கோடி டாலருக்கு மேல் பறிபோனது. அதற்கு முந்தைய மாதம் வார்ம்ஹோல் என்ற பிரிட்ஜில் சாவி எதுவும் களவு போகவில்லை. கையெழுத்தைச் சரிபார்க்கும் நிரலில் இருந்த ஓட்டையால் சொலானா செயினில் 1,20,000 ஈதர் டோக்கன்கள் ஈடே இல்லாமல் உருவாகிவிட்டன.

எனக்கு அதிகம் மனநிறைவு தந்தது காஸ்மாஸின் ஐபிசி (IBC), அதாவது செயின்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் நெறிமுறை. 2021இல் வந்தது. இரண்டு செயின்களும் ஒன்றின் லைட் கிளையன்டை (அந்தச் செயினின் நிலையைச் சுருக்கமாகக் கண்காணிக்கும் நிரலை) இன்னொன்றில் வைத்துக்கொண்டு சான்றுகளைத் தாங்களே சரிபார்க்கின்றன. ரிலேயர் வெறும் தூதுவர். செய்தியைத் தாமதிக்க முடியும், திரிக்க முடியாது. ஒருமுறை ரிலேயர் நின்றுபோய் நான் அனுப்பியது நடுவழியில் தங்கிவிட்டது. கெடு தாண்டியது. ரிலேயர் மறுபடி ஓடத் தொடங்கியதும் டோக்கன்கள் என் பழைய முகவரிக்கே முழுசாக வந்துசேர்ந்தன. யாரிடமும் புகார் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. குறை ஒன்று உண்டு: காஸ்மாஸின் நாணயமான ஆட்டம் (ATOM) இரண்டு வேறு வழிகளில் வந்தால் இரண்டு வேறு டோக்கன்களாகிவிடும். வாலட்டில் 'ஐபிசி' என்று தொடங்கும் நீண்ட எழுத்துவரிசையைப் பார்த்துப் புதியவர்கள் மிரளத்தான் செய்வார்கள்.

ஆப்டிமிசத்தின் சொந்த பிரிட்ஜ் வழியாக எத்தீரியத்துக்குத் திரும்ப மூன்று பரிவர்த்தனைகள் வேண்டும்: எடுக்கக் கோருவது, நிரூபிப்பது, 7 நாள் கழித்து முடித்துவைப்பது. பின்னிரண்டுக்கும் எத்தீரியம் கேஸ் (பரிவர்த்தனைக் கட்டணம்) கட்ட வேண்டும். அந்த 7 நாள் பொய்க் கணக்கு வந்தால் மறுப்பதற்கான அவகாசம் என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை. வேக பிரிட்ஜ்களில் வேறொருவர் தன் பணத்தை உடனே தந்துவிட்டு, காத்திருப்பைத் தான் ஏற்றுக்கொண்டு கமிஷன் எடுக்கிறார். சின்னத் தொகைக்கு அது போதும். பெரிய தொகை என்றால் காத்திருப்பேன்.

டாலர் மதிப்புள்ள நாணயமான யுஎஸ்டிசிக்கு (USDC), அதை வெளியிடும் சர்க்கிள் நிறுவனம் 2023இல் கொண்டுவந்த சிசிடிபி (CCTP) என்ற பரிமாற்ற முறை நல்ல மாற்றம். இங்கே எரித்து அங்கே புதிதாக அச்சிடுகிறார்கள். போலச்செய்த டோக்கன் கிடையாது. சர்க்கிளின் ஒப்புதல் வேண்டும்தான், ஆனால் அந்த நாணயத்தை வைத்திருக்கும்போதே அவர்களைத்தானே நம்பியிருக்கிறோம்.

இன்றும் எரிச்சலூட்டுவது கேஸ். புதுச் செயினில் டோக்கன் வந்து இறங்கும், அதை நகர்த்த அங்குள்ள நாணயம் கையில் இருக்காது. சில பிரிட்ஜ்கள் கூடவே கொஞ்சம் கேஸும் அனுப்புகின்றன. எல்லாரும் செய்ய வேண்டும். அதோடு, சரிபார்ப்பது யார், நடுவில் நின்றால் பணம் எங்கே இருக்கும் என்ற இரண்டையும் 'அனுப்பு' பொத்தானுக்கு மேலேயே காட்டட்டும்.