பெரியப்பாவின் கல்வெட்டு: யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றில் செய்த வேலை எப்படி?

கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவாக அந்தியேட்டிக்கு (முப்பத்தோராம் நாள் கிரியைக்கு) அடித்துக் கொடுக்கும் சிறு புத்தகம், எங்கே அடிக்கலாம் என்று கேட்டால் செத்தவீட்டுக்கு வந்த எல்லாரிடமும் ஒரு பதில் இருந்தது. கடைசியில் கஸ்தூரியார் வீதிப் பக்கம் உள்ள ஓர் அச்சகத்தில் கொடுத்தோம். பெயரை எழுதவில்லை. நல்லதும் சொல்லப்போகிறேன், குறையும் சொல்லப்போகிறேன். இந்த நகரத்தில் அச்சகக்காரர் ஒருவருக்கொருவர் மச்சான், சகலன் முறை. மற்ற இடங்களிலும் நடைமுறை ஏறக்குறைய இதுதான் என்பதால் கல்வெட்டு அடிக்கப் போகிறவர்களுக்கு உதவும்.

அவர்கள் சொல்வது 'முழுப்பொறுப்பு'. பெயர், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், திகதிகள், உறவினர் பட்டியல், ஒரு படம் கொடுத்தால் போதும். மிச்சமெல்லாம் அவர்களிடம் ஆயத்தமாக இருக்கிறது. பஞ்சபுராணம், சிவபுராணம், நன்றி நவிலல் எல்லாம் பிழையில்லாமல், கண்ணாடி போட்டவர்களும் சிரமமின்றி வாசிக்கக்கூடிய எழுத்தில் அடித்துத் தந்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

குறை அதற்கு அடுத்த பக்கங்களில்தான். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று அவரவர் அழுவதுபோல எழுதிய பாட்டுகளைக் கொம்பியூட்டரில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். பெயரை மாற்றினால் சரி. வாழ்க்கை வரலாறும் அப்படித்தான். முதல் புரூவில் பெரியப்பா 'பரோபகாரி, சமூக சேவையாளர், எல்லாரோடும் இன்முகத்துடன் பழகுபவர்' ஆக இருந்தார். இன்முகமா? இரத்தம் கொடுக்க வரச் சொன்ன நேரத்துக்கு வராதவரை ஒழுங்கை முழுக்கக் கேட்கத் திட்டுகிற மனிதர் அவர்.

முதலாளியிடம் சொன்னேன். "ரீச்சர், எல்லாரும் இப்பிடித்தான் போடுறவை" என்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, "மாஸ்டரைக் கேட்டுப் பாருங்கோ" என்று பின்னறையைக் காட்டினார். இந்த அச்சகத்துக்கு நான் கொடுக்கும் நல்ல மதிப்பெண் எல்லாம் அந்தப் பின்னறைக்குத்தான்.

மாஸ்டர் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர், புரூவ் பார்க்க வருபவர். புரூவை வாசித்துவிட்டு மூன்று கேள்வி கேட்டார். "சமூக சேவையாளர் எண்டு போட்டிருக்கு, பிள்ளை. என்ன செய்தவர்? எந்த வருசம்? ஆருக்கு?"

நான் சொல்லச் சொல்ல அவர் துண்டுக் கடதாசிகளில் எழுதினார். 1955இல் இலங்கை இராணுவத்தின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தது. குளங்கள் உடைத்த 1957 மார்கழி வெள்ளத்தில் நிவாரண வேலைக்குப் போனது. விலகி ஊருக்கு வந்த பிறகு சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் பெடியளுக்கு முதலுதவி பழக்கியது. போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் மருந்தும் பஞ்சும் தட்டுப்பாடானபோது ஊரில் பழைய வேட்டிகளைச் சேகரித்து, அவித்து, வெயிலில் காயவைத்து, பட்டி பட்டியாக வெட்டிச் சுருட்டி வைத்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது சைக்கிள் கரியரில் உடுப்புப் பெட்டிக்குப் பதில் அந்தச் சுருள்களைக் கட்டிக்கொண்டு நாவற்குழிப் பக்கம் நடந்தது (பெரியம்மா இன்னும் அதை மன்னிக்கவில்லை). 2004 சுனாமிக்குப் பிறகு, எழுபது வயதை நெருங்கிய நேரத்தில், வடமராட்சி கிழக்கில் போய் நின்றது.

பிறகு அந்த சீ.ஆர். கொப்பி, கெட்டி மட்டை போட்ட பெரிய கொப்பி. ஊரில் யாருக்கு என்ன இரத்த வகை, கடைசியாக எப்போது கொடுத்தார், வீடு எந்த ஒழுங்கையில் என்று பெரியப்பா எழுதி வைத்த பதிவு. ஓ நெகட்டிவ்காரரின் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு. கொடுத்து நான்கு மாதம் ஆகாதவரைக் கூப்பிடமாட்டார். போதனா வைத்தியசாலையில் ஒருவருக்கு இரத்தம் தேவை என்று தெரிந்தால், டெலிபோன் இல்லாத காலத்தில், சைக்கிளில் போய்ப் படலையில் தட்டி எழுப்புவார். வெளிநாட்டுக்குப் போனவரின் பெயரை வெட்டுவதில்லை. பக்கத்தில் 'கனடா', 'சுவிஸ்' என்று எழுதி வைப்பார். விடுமுறையில் வந்தால் பிடித்துக்கொள்ளலாமாம்.

அந்தக் கொப்பியை அப்படியே அச்சிடலாம் என்று சித்தப்பா சொன்னார். மற்றவர்களின் உடம்பு விபரம் என்பதால் நான் சம்மதிக்கவில்லை. மட்டையை மட்டும் படமெடுத்து, ஒரு முழுப்பக்கத்தில் போட்டோம். கல்வெட்டில் ஆட்கள் நின்று பார்த்த பக்கம் அதுதான்.

சீருடைப் படம்தான் வீட்டில் பெரிய சண்டை. இருபது வயதுப் பெரியப்பா, காக்கிச் சட்டை, ஒரு பக்கம் சரிந்த தொப்பி. யாழ்ப்பாணத்தில், பின்னால் இவ்வளவும் நடந்த பிறகு, இராணுவச் சீருடையோடு ஒருவரை அவரது அந்தியேட்டிக் கல்வெட்டில் போடுவதா? இங்கிருக்கும் அண்ணா வேண்டாம் என்றார். கனடா மச்சாள் வட்ஸ்அப்பில் "அப்பா ஒளிச்சு வைச்சவரோ? ஹோலிலை மாட்டி வைச்சவர்" என்று எழுதினாள். மாஸ்டர் குடும்பச் சண்டைக்குள் வரவில்லை. ஒரு தகவல் மட்டும் சொன்னார்: 1955 முதல் 1959 வரை அந்தப் படையின் தளபதியே அன்ரன் முத்துக்குமாரு என்ற தமிழர்தான், அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையரும் அவர்தான். படத்துக்குக் கீழே 'இராணுவ மருத்துவப் பிரிவு, 1957' என்று வருடத்தோடு போட்டால் வாசிக்கிறவனுக்கு விளங்கும் என்றார். அப்படியே போட்டோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வயதானவர்கள் சிலர் தங்கள் மாமா, பெரிய தகப்பன் கதைகளை எடுத்துவிட்டார்கள்.

இறந்த நாளைப் பாட்டாகச் சொல்லும் திதி வெண்பாவையும் மாஸ்டரே எழுதினார். தமிழ் வருடம், மாதம், பட்சம், திதி நான்கும் அதில் வரவேண்டும், இல்லையென்றால் அடுத்த வருடம் திவசத்துக்கு நாள் பார்க்கிறவர்கள் தடுமாறுவார்கள். ஆயத்த வெண்பாவில் திதியை மாற்றிப் போட்டால் தளை தட்டும் என்று முதலாளிக்கு ஒரு பேச்சும் விழுந்தது.

இனி மற்றக் குறைகள். அட்டைப்படத்துக்குக் கொடுத்த படத்தில் பெரியப்பா வேட்டியும் வெள்ளைச் சட்டையும். திரும்பி வந்தபோது கோட், ரை, பின்னால் நீல வானம், நிறமும் இரண்டு படி வெள்ளை! கேட்காமலே செய்கிறார்கள், அதை உபசாரமாகவும் நினைக்கிறார்கள். படம் கொடுக்கும்போதே 'ஒன்றையும் மாற்றவேண்டாம்' என்று பின்பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

போனில் ரைப் செய்து அனுப்பிய பட்டியலை அவர்கள் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவுக்கு மாற்றுகிறார்கள். அதில் 'ஸ்ரீ'யும் 'கொ', 'கோ' வகைகளும் சில இடங்களில் உடைந்தன. அது பார்த்தவுடன் தெரியும். தெரியாத பிழைதான் ஆபத்து. உறவினர் பட்டியலில் ஒரு வரி இடம்மாறி, 'காலஞ்சென்ற' என்ற சொல் உயிரோடு இருக்கும் மாமிக்கு முன்னால் போய் நின்றது. பெரியம்மாதான் கண்டுபிடித்தார். மாமி அன்று எங்கள் வீட்டுக் குசினியில்தான் இருந்தார். மாமியிடம் இன்றுவரை சொல்லவில்லை. உறவினர் பக்கத்தை மாஸ்டரை நம்பி விடாதீர்கள், அவருக்கு உங்கள் மாமியைத் தெரியாது. வீட்டில் வயதான ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் விரல் வைத்துப் பார்க்கவேண்டும்.

விலை: கடதாசி விலை நிலையாக இல்லாததால் நான் கொடுத்த தொகையைச் சொல்லிப் பிரயோசனமில்லை. 2022இல் கடதாசி இல்லாமல் பரீட்சைகளையே தள்ளிப்போட்ட நாடு இது. கணக்கு மட்டும் சொல்கிறேன். நடுவில் கம்பிப் பின் (ஸ்டேப்பிள்) அடிக்கும் புத்தகம் என்பதால் பக்கங்கள் நான்கின் மடங்கில் கூடும். ஒரு பக்கம் மிஞ்சினாலும் நான்கு பக்கத்துக்குக் காசு. நாங்கள் பேரப்பிள்ளைகள் புலம்பலை எடுத்துவிட்டு அந்த இடத்தில்தான் கொப்பிப் படத்தைப் போட்டோம், செலவு கூடவில்லை. உள்ளே கலர்ப் பக்கம் கேட்டால் தொகை சட்டென்று ஏறும். அட்டை மட்டும் கலர் போதும்.

சொன்ன நாளுக்கு முதல்நாளே பெட்டிகள் வந்தன, அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக் கடற்கரைக்குப் போகும் அவசரத்தில் அது பெரிய நிம்மதி. பீடிஎப் கோப்பைத் தரத்தான் கொஞ்சம் இழுத்தார்கள். முற்பணம் கொடுக்கும்போதே அதைக் கேட்டு வையுங்கள். நூலகம் நிறுவனம் இப்படியான நினைவு மலர்களையும் இணையத்தில் ஆவணப்படுத்துவதால், அங்கே கொடுக்க அந்தக் கோப்பு வேண்டும்.

மாஸ்டர் பின்னேரங்களில் மட்டும்தான் வருவார், வெள்ளிக்கிழமை வரமாட்டார். காலையில் போனால் புலம்பலோடுதான் திரும்புவீர்கள்.