கம்பி வேலைச் சிலுவை டாலர்: வேலை அருமை, வளையம்தான் மோசம்

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு சின்னக் கடையில், அம்மாவுக்கு வெள்ளியில் சிலுவை டாலர் செய்யச் சொன்னேன். மாதிரிக்குக் காட்டியது இத்தாலியக் கிராமத்துப் பெண்களின் பழைய நகைப் படம். சார்தீனியா தீவில் இன்றும் செய்கிற மெல்லிய கம்பி வேலை, நடுவில் சிவப்புப் பவளம். நாம் பிள்ளைகளுக்குக் கருப்பு வளையல் போடுவது போல அங்கே கண்ணேறு படாமலிருக்கப் பவளம் கட்டுவது வழக்கம். ஆசாரி படத்தைப் பார்த்துவிட்டு, “இது நம்ம கம்பி வேலைதானே தம்பி” என்றார். சொன்னபடி சுருள்கள் அவ்வளவு நேர்த்தி. ஆனால் மேல் வளையம் ரொம்ப மெல்லிசு, 2 வாரத்தில் வாய் பிளந்து, ஞாயிறு பூசையில் டாலர் அம்மா மடியில் விழுந்தது. சரி என்று திரும்பப் போனால், காசு வாங்காமல் பற்றவைத்துக் கொடுத்தார்கள். செய்கூலி கொஞ்சம் கூடத்தான். பவளம் அசலா என்று இன்னும் சோதிக்கவில்லை, அம்மா கழற்றித் தந்தால்தானே!