கொல்லிமலையா, வால்பாறையா? பத்துப் பன்னிரண்டு கார்களோடு ஏற எது சரி

கார் க்ளப்பில் அடுத்த டிரைவ் எங்கே என்று பேச்சு எடுத்தால் முதலில் வந்து விழுவது கொண்டை ஊசி வளைவுக் கணக்குதான். கொல்லிமலைக்கு 70, வால்பாறைக்கு 40, ஊட்டிக்கு ஏறுகிற கல்லட்டிக்கு 36, ஏற்காட்டுக்கு 20. குடும்பத்தோடு ஒரே காரில் போகிறவருக்கு இந்தக் கணக்கு போதும். பத்துப் பன்னிரண்டு கார்கள் சேர்ந்து ஏறும்போது கேட்க வேண்டியது வேறு. எல்லோரும் ஒதுங்கி நிற்க எங்கே இடம் இருக்கிறது? அந்த மலையில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு நாம் வழியை மறிக்கப் போகிறோமா? ஏறிய வழியிலேயேதான் இறங்க வேண்டுமா? இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு கொல்லிமலைக்கு.

சாலை என்று மட்டும் பார்த்தால் வால்பாறைதான் மேல். அதை ஒப்புக்கொண்டே ஆரம்பிக்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. வளைவுகள் அகலமானவை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு விட இடம் இருக்கிறது. மூன்றாவது கியரில் சீராக ஏறி, வளைவுக்கு முன்னால் இரண்டாவதுக்கு இறங்கி, மறுபடி ஏற்றிப் போகிற அந்தத் தாளம் கொல்லிமலையில் கிடைக்காது. கீழே அணையின் நீர்ப்பரப்பு ஒவ்வொரு திருப்பத்திலும் சிறுத்துக்கொண்டே போவதும், கவர்க்கல் பக்கம் திடீரென்று மூடுபனி வந்து கண்ணாடியை அடைப்பதும் ஒருவர் அனுபவித்தே தீர வேண்டியவை.

ஆனால் அது ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் போகிற சாலை. கூட்டமாகப் போகும்போது சிக்கல் அங்கேதான். ஒன்பதாவது கொண்டை ஊசியில் லோம்ஸ் வியூ பாயின்ட் இருக்கிறது. வரையாடுகள் தடுப்புச் சுவர் ஓரமாகவே வந்து நிற்கும். நாலு கார் வந்தால் ஒதுங்கிவிடலாம். பன்னிரண்டு கார்கள் ஒரே நேரத்தில் வந்தால் பாதி வண்டிகள் வளைவிலேயே நிற்கும். பின்னால் அரசுப் பேருந்து ஹாரன் அடிக்கும், ஆட்டுக்குட்டிகள் மிரண்டு சரிவில் இறங்கும். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்காமல் போக மரத்துக்கு மரம் பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். அப்படிப் பாடுபட்டுக் காக்கிற ஒரு இடத்தில் வரிசை கட்டிக்கொண்டு போவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் இ-பாஸ். 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் அது கட்டாயம். ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். க்ளப்பில் யாராவது ஒருவர் மறந்துவிட்டு வந்தால் மொத்தக் கூட்டமும் சோதனைச் சாவடியில் காத்திருக்கும். இறங்குவதற்கும் அதே சாலைதான். மளுக்குப்பாறை, அதிரப்பள்ளி வழியாகக் கேரளா இறங்கலாம் என்பார்கள். அது அடர்ந்த காட்டுவழி, சாவடிகளில் நேரக் கட்டுப்பாடும் உண்டு. பெரிய கூட்டத்துக்கு அது ஒத்துவராது.

இனி கொல்லிமலை. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாய்க்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து சோளக்காடு போவதற்குள், இருபத்துச் சொச்சம் கிலோமீட்டரில் 70 வளைவுகளும் முடிந்துவிடுகின்றன. நடுவில் சில இடங்களில் ஒரு வளைவை முடித்து ஸ்டியரிங்கை நேராக்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். மேலே பார்த்தால் நமக்கு முன்னால் போன காரின் டயர்கள் தெரியும், கீழே பார்த்தால் பின்னால் வருகிறவரின் கூரை தெரியும். கூட்டமாகப் போவதில் இருக்கிற சந்தோஷமே இதுதான்: ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே ஏறலாம். வால்பாறையில் மரங்களும் தூரமும் கார்களைப் பிரித்துவிடும்.

சாலை குறுகல் என்பது உண்மை. பேருந்து இறங்கினால் வளைவு முழுக்க அதற்கே வேண்டும். முன்பக்கம் வெளிச்சுவரை உரசுகிற மாதிரி வந்து, பின்பக்கம் உள்வளைவை அடைத்துக்கொண்டு திரும்பும். ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்று 2017ஆம் ஆண்டின் ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. இருந்தாலும் இந்த மலையில் பேருந்துக்கும் சரக்கு ஏற்றிய வண்டிக்கும் நாம்தான் நின்று வழி விட வேண்டும். அன்னாசியும் பலாவும் மரவள்ளியும் மிளகும் இறங்குவது இந்தச் சாலையில்தான், மலைக்காரர்களின் பிழைப்பே அதுதான். நாம் ஒரு நாள் விருந்தாளிகள்.

அதற்குக் கைகொடுப்பது ஒவ்வொரு வளைவிலும் இருக்கிற எண் பலகை. முன்னால் போகிறவர் வாக்கி டாக்கியில் "பஸ் இறங்குது, முப்பத்தியெட்டு தாண்டிடுச்சு" என்றால் போதும். பின்னால் இருக்கிற பத்து பேருக்கும் எந்த வளைவுக்குக் கீழே நிற்க வேண்டும் என்று உடனே புரியும். வளைவுக்குள் யாரும் நிற்கக் கூடாது, நேர்த்துண்டில் இடது ஓரம் ஒட்டி நிற்க வேண்டும். மொபைல் சிக்னலை நம்பி மலையேறுகிற க்ளப்புகளைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, கொல்லிமலைக்கு இன்னொரு வழி உண்டு. முள்ளுக்குறிச்சி பக்கம் இறங்குகிற சாலையில் வளைவுகள் குறைவு, சரிவும் மெதுவானது. காரவள்ளி வழியாக ஏறி, முள்ளுக்குறிச்சி வழியாக இறங்கினால் பிந்தி வருகிற நம் ஆட்களை நாமே எதிரே சந்திக்க வேண்டியதில்லை. புதிதாக ஓட்டுகிறவர்கள் 70 வளைவில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கி, லைனிங் கருகுகிற வாடையோடு அடிவாரம் சேர வேண்டியதும் இல்லை. எந்த வழியானாலும் ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் சரி. ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் டி-யிலேயே விட்டுவிடாமல் எல் அல்லது மேனுவல் முறைக்கு மாற்ற வேண்டும். மின்சாரக் கார்க்காரர்கள் மேலே தங்கினால் முழுக்க சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கக் கூடாது. பேட்டரி நிரம்பியிருந்தால், இறக்கத்தில் வண்டியின் வேகத்தைக் குறைத்து அந்த ஆற்றலைப் பேட்டரிக்கே திருப்புகிற ரீஜென் சரியாக வேலை செய்யாது, சுமை முழுக்க பிரேக் மேல் விழும்.

கல்லட்டியைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. மசினகுடியிலிருந்து தலைக்குந்தா வரை ஏறலாம். வெளியூர் வண்டிகளை அந்த வழியாக இறங்க விடுவதில்லை, பல விபத்துகளுக்குப் பிறகு வந்த கட்டுப்பாடு அது, நியாயமானதும்கூட. நீலகிரிக்கு 2024 மே முதலே இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் வார நாட்களில் 6,000, சனி ஞாயிறுகளில் 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் வரம்பே வைத்தது. ஏற்கெனவே திணறுகிற மலைக்கு நாமும் பன்னிரண்டு கார்களைக் கொண்டுபோக வேண்டுமா? ஏற்காடு, மலைச்சாலைக்கே புதியவர்களுக்கு நல்ல முதல் பாடம். 20 வளைவு, நல்ல அகலம், குப்பனூர் வழியாக இறங்கவும் முடியும். சனி ஞாயிறு மட்டும் வேண்டாம், சேலமே மேலே வந்துவிடும்.

ஆக, நாலைந்து கார்கள் என்றால், வார நாளில், கண்ணை மூடிக்கொண்டு வால்பாறை போகலாம். அதற்கு மேல் போனால் கொல்லிமலை. அதிலும் ஆடி பதினெட்டை ஒட்டி வேண்டாம். வல்வில் ஓரி விழாவும் அறப்பளீஸ்வரர் கோயில் கூட்டமும் சேர்ந்து வரும் நேரம் அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் உருளும். தை, மாசி நன்றாக இருக்கும். பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்குள் காரவள்ளியில் கூடி, நாலு நாலு கார்களாகப் பிரிந்து, பத்து நிமிட இடைவெளியில் ஏறுங்கள். ஒவ்வொரு குழுவின் கடைசிக் காரிலும் மலைச்சாலை நன்றாகத் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். யார் காரில் வெப்பமானி முள் ஏறினாலும் கடைசிக் கார் அவரோடு நிற்கும், மற்றவர்கள் சோளக்காட்டில் டீ குடித்துக்கொண்டு காத்திருக்கலாம்.