ஹால்ஸ்டாட் போகிறீர்களா? ஓர் இரவாவது தங்குங்கள்

கோலாலம்பூரில் விற்கும் ஐரோப்பியப் பேக்கேஜ்களில் ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பெரும்பாலும் ஒரு மதிய நிறுத்தம்தான். பேருந்திலிருந்து இறங்கி, ஏரியோரம் படம் பிடித்து, மறுபடி ஏற வேண்டும். கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் எங்கள் சொந்தக்காரர்கள் பலரும் அப்படித்தான் போய்வந்தார்கள். "அழகுதான், ஆனா ஒரே கூட்டம்" என்பதற்கு மேல் அவர்களால் எதுவும் சொல்ல முடியவில்லை. அம்மாவும் நானும் சொந்தமாக டிக்கெட் போட்டுப் போய் அங்கேயே தங்கினோம். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: இந்த ஊரைப் பகலில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

800 பேர்கூட இல்லாத கிராமம் அது. சீசனில் ஒரே நாளில் 10,000 பேர் வரை வருகிறார்கள். 2023-இல் ஊர்மக்கள் ஊருக்கு வரும் சுரங்கப்பாதைச் சாலையை மறித்துப் போராடியதில் ஆச்சரியமே இல்லை. நண்பகலில் ஒற்றையடித் தெருவில் நகரவே முடியாது. மாலையில் பேருந்துகள் கிளம்பியதும்தான் அது ஊராக மாறுகிறது. வீட்டுச் சுவரோடு சுவராகப் பேரி மரங்களைத் தட்டையாக வளர்த்திருக்கிறார்கள். ஒரு பெரியவர் ஏணியில் நின்று கிளை ஒன்றைச் சட்டத்தோடு கட்டிக்கொண்டிருந்தார். தோட்டம் போட இடமில்லாத ஊர், சுவரையே தோட்டமாக்கிவிட்டார்கள். அம்மா அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றார்.

ரயிலில் வருவதுதான் நல்லது. சால்ஸ்பர்க்கில் ஏறி ஆட்னாங்-புக்ஹைமில் மாற வேண்டும். நிலையம் ஏரியின் இந்தக் கரை, ஊர் அந்தக் கரை. ரயில் வரும் நேரத்துக்குப் படகு காத்திருக்கும், பத்து நிமிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். மலையும் தேவாலயக் கோபுரமும் நெருங்கி நெருங்கி வருவதைப் படகிலிருந்து பார்ப்பதே தனி சுகம். ஆனால் படகு மாலையோடு நின்றுவிடும், இருட்டிய பிறகு போய் இறங்காதீர்கள். அறை எடுக்கும்போது எத்தனை படி ஏற வேண்டும், லிப்ட் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். எங்கள் விடுதிக்காரர் அதைச் சொல்லவே இல்லை. மூட்டுவலிக்கார அம்மா பாவம், கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு ஏறினார்.

மேலே கத்தோலிக்கத் தேவாலயத்தின் பக்கத்தில் எலும்பு வீடு இருக்கிறது. கல்லறைக்கு இடம் போதாததால், புதைத்துச் சில வருடங்கள் ஆனதும் எலும்பை எடுத்து, மண்டையோட்டை வெயிலில் வெளுக்க வைத்து, பெயரும் இலையும் பூவும் வரைந்து அடுக்கிவைப்பது இவர்கள் வழக்கமாக இருந்தது. ஏறக்குறைய 1,200 மண்டையோடுகள் இருக்கின்றன. 1983-இல் இறந்த ஒரு பெண்ணுடையதுதான் கடைசி, 1995-இல் அங்கே வைத்தார்கள். பயமாக இருக்குமோ என்று நினைத்தேன். அம்மா கைகூப்பி நின்று, "பேரையாவது எழுதி வெச்சிருக்காங்களே" என்றார். அந்த ஒரு அறைக்காகவே இவ்வளவு தூரம் வரலாம்.

உப்புச் சுரங்கத்துக்கு மலை ரயிலில் ஏறிப் போனோம். உள்ளே கோடையிலும் குளிர்தான், ஸ்வெட்டர் கட்டாயம். சறுக்கு மரத்தில் எல்லாரும் உற்சாகமாகச் சறுக்குவார்கள், மூட்டுவலிக்காரர்களுக்குப் படி உண்டு. எனக்குப் பெரிதாகப் பட்டது அங்கே கிடைத்த மரப்படிக்கட்டு. கி.மு. 1344-இல் வெட்டிய மரம், உப்பு காத்ததால் மக்காமல் கிடக்கிறது.

சாப்பாடு விலைதான், மலேசிய வெள்ளியில் கணக்குப் போட்டால் மனசு வலிக்கும். ஏரி மீனைச் சுட்டுத் தருகிறார்கள், எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டேன், அருமை. சைவக்காரர்கள் சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே (நூடுல்ஸ் மாதிரி ஒரு மாவுப் பண்டம்) கேட்கலாம், ஆனால் அதன் மாவில் முட்டை உண்டு. எங்களுக்கு வெள்ளிக்கிழமை விரதம், அன்று அம்மாவுக்கு உருளைக்கிழங்கும் சாலட்டும், கையோடு கொண்டுபோன மாங்காய் ஊறுகாயும்தான். உணவகங்கள் சீக்கிரமே மூடிவிடும், ஏழு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். அப்புறம், ஜன்னலுக்குக் கீழே நின்று சத்தம் போட வேண்டாம், உள்ளே ஆட்கள் வாழ்கிறார்கள்.