வாசலுக்கு ஆவாரையா, செங்காந்தளா?

அழகில் செங்காந்தளை மிஞ்ச முடியாது, மாநில மலராயிற்றே! மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காகவே வயலில் பந்தல் கட்டி வளர்க்கிறார்கள். வீட்டுக்கு விதை வேண்டாம், பூக்கச் சில வருடம் இழுக்கும். கிழங்கை ஆடியில் ஊன்றுங்கள், அந்த மழைக்காலத்திலேயே பூத்துவிடும். முளை ஒடிந்தால் மட்டும் போச்சு. பூத்து ஓய்ந்ததும் கொடி காய்ந்துவிடும். செத்ததென்று கிழங்கைத் தோண்டி எறியாதீர்கள், அடுத்த மழைக்குத் துளிர்க்கும். ஆனால் செடி முழுக்கக் கொல்சிசின் நஞ்சு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். சின்னக் குழந்தையோ ஆடோ இருக்கும் வீடென்றால் நான் ஆவாரையைத்தான் சொல்வேன்.

அதன் விதைத்தோல் கெட்டி, லேசாக உரசி ஊன்ற வேண்டும். வேர் பிடித்தபின் நம் வறட்சி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அப்புறம், பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூ வாசலிலேயே இருக்கும், பூளைப்பூ மட்டும் தேடினால் போதும்.