பஸ்ஸில் ஆட எது தோது: கில்ஸோனா, டூமா?

கையில் வைத்து ஆடும் மெஷினில் ஷூட்டர் கேம், அதாவது துப்பாக்கியால் சுடும் ஆட்டம், என்றாலே பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. சோனியின் பழைய கையடக்க மெஷினான பிஎஸ்பியில் அனலாக் ஸ்டிக் (கட்டைவிரலால் எல்லாப் பக்கமும் தள்ளும் குமிழ்) ஒன்றுதான். நடக்க அது, குறி பார்க்க வலது பக்கப் பட்டன்கள். எதிரியின் தலைக்கு நேராகப் புள்ளியைக் கொண்டு போவதற்குள் அவன் நம்மை முடித்துவிடுவான். சோனியின் அடுத்த மெஷினான வீட்டா இரண்டு ஸ்டிக்கோடு வந்த பிறகுதான் இந்தத் தலைவலி தீர்ந்தது. அதில் 2013ல் வந்த ‘கில்ஸோன்: மெர்சினரி’யையும், 2017ல், கையிலும் வைத்து ஆடக்கூடிய நின்டெண்டோ ஸ்விட்ச் மெஷினுக்கு வந்த ‘டூம்’ கேமையும் சேர்த்துப் பார்க்கலாம். இரண்டிலும் ஆரம்ப மிஷன்களை மட்டும் ஆடிவிட்டு எழுதுகிறேன். ஆடியது பெரும்பாலும் கும்பகோணம் – தஞ்சாவூர் பஸ்ஸில்.

கில்ஸோனில் நாம் கூலிப்படைக்காரன். ஒருவனைச் சுட்டதும் திரை ஓரத்தில் காசு ஏறுகிறது, அந்தக் காசில் புதுத் துப்பாக்கி வாங்கலாம். இந்தக் கணக்கு உடனே பிடித்துப்போனது. மறைந்து, எட்டிப் பார்த்து, சுட்டு, மறுபடி மறையும் ஆட்டம் என்பதால் கண்டக்டர் டிக்கெட் கேட்டால்கூட ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு சில்லறை எடுக்கலாம். முதலில் வந்த வீட்டாவின் 5 அங்குல ஓலெட் திரையில் இருட்டுக் காட்சிகள் அத்தனை அழகு.

எரிச்சல் ஒன்று உண்டு. கிட்டப் போய்க் கத்தியால் குத்த, திரையில் வரும் அம்புக்குறி காட்டும் திசையில் விரலை இழுக்க வேண்டும். சித்திரை வெயிலில், நின்றுகொண்டே வரும் கூட்டத்துக்கு நடுவே, வியர்த்த கட்டைவிரல் திரையில் ஒட்டிக்கொண்டு பாதியில் நின்றுவிடுகிறது. எதிரி உதறிவிட்டுப் போய்விடுகிறான். ஸ்டிக்குகளும் குட்டையானவை, லேசாகத் தள்ளினாலே குறி தாண்டி ஓடுகிறது.

டூம் இதற்கு நேர் எதிர். ஒளிந்தால் செத்தோம். உயிர் தானாக ஏறாது, அடிபட்டுத் தள்ளாடும் பேயின் மேல் பாய்ந்து கையாலேயே கிழித்தால் கொஞ்சம் கிடைக்கும். ஓடு, சுடு, கிழி, மறுபடி ஓடு. டிவி மெஷின்களில் நொடிக்கு 60 பிரேம் (படம்) ஓடிய கேம் இங்கே 30தான், தூரத்தில் இருப்பதெல்லாம் கொஞ்சம் மசமசப்பு. சண்டை சூடு பிடித்தபின் அதெல்லாம் கண்ணில் படவில்லை.

டூமின் பெரிய பலம் கைரோ. 2018 தொடக்கத்தில் வந்த அப்டேட்டில் சேர்த்தார்கள். மெஷினையே லேசாகச் சாய்த்துக் குறியைத் திருத்தலாம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆடும்போது, ஸ்டிக்கால் தவறவிட்டதை எல்லாம் மணிக்கட்டு பிடித்துவிடுகிறது. அப்புறம் பஸ் ஏறினேன். கைரோவுக்கு என் கை எது, பஸ் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. வளைவில் பஸ் திரும்பினால் குறியும் திரும்புகிறது. டெல்டா சாலையில் வாய்க்கால் பாலங்களுக்கா பஞ்சம்? ஒவ்வொரு பாலத்திலும் பஸ் ஏறி இறங்க, துப்பாக்கி வானத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்க்கிறது. பக்கத்தில் இருந்த சித்தப்பா மகன், “அண்ணே, பஸ்ஸு திரும்புறதுக்கு நீ ஏன் சாயுற?” என்று கேட்டான். ஆப்ஷனில் போய் அணைத்துவிட்டேன். அணைத்தால் டூமின் வேகத்துக்கு ஸ்விட்சின் சின்ன ஸ்டிக் திணறுகிறது.

ஜன்னலோர வெயிலில் இரண்டு திரையும் கண்ணாடிதான், நம் முகமே தெரியும்.

ஆகவே பஸ்ஸுக்குக் கில்ஸோன், வீட்டுக்கு டூம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் டூம் பக்கம். வீட்டா வாங்குவதாக இருந்தால் அதே மெஷினில் 2012ல் வந்த ‘பிளாக் ஆப்ஸ் டிக்ளாசிஃபைட்’ பக்கம் போகாதீர்கள். பெயர் பெரியது, கதை ஒரு மணிநேரம்கூடத் தாங்காது.

கில்ஸோனின் ஆன்லைன் சர்வர்களை 2022ல் மூடிவிட்டார்கள், அதில் இனித் தனி ஆட்டம்தான். டூம் கேட்ரிட்ஜில் (மெஷினில் செருகும் கேம் அட்டை) தனி ஆட்டம் மட்டும் இருக்கும், பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயருக்கு 9 ஜிபி அளவுக்குத் தனியாக இறக்க வேண்டும். மொபைல் டேட்டாவை நம்பி இருப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். வீட்டாவுக்கு சாதாரண மெமரி கார்டு சேராது, சோனியின் சொந்தக் கார்டுதான் வேண்டும். பழைய மெஷின் வாங்கும்போது கார்டோடு தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள், விலை பேசுவது அப்புறம்.