கப்பல் பயணம் பதிவு செய்கிறீர்களா? முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள்

மும்பையிலிருந்து லட்சத்தீவு போய்வர நாங்கள் ஆறு பேர் கொடுத்த பணம் 2,64,000 ரூபாய். கப்பல் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது 1,71,400. மீதி 92,600 யாரிடம் நின்றது என்பதுதான் இந்தப் பதிவு. ஏஜென்டின் பெயரை எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. கப்பல் நிறுவனத்தின் மேல் எனக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை, அதனால் அதன் பெயரும் இங்கே வேண்டாம்.

அப்பா முப்பத்தைந்து வருடம், துறைமுகத்திலிருந்து சரக்கை வெளியே எடுத்துத் தரும் ஒரு கிளியரிங் கம்பெனியில் கிளார்க்காக இருந்தவர். தினமும் மும்பை ஹார்பர் லைன் ரயிலில் செம்பூரிலிருந்து சி.எஸ்.எம்.டி. நிலையம் வந்து, பாலார்ட் எஸ்டேட்டுக்கும் துறைமுகக் கேட்டுகளுக்கும் நடையாய் நடந்தவர். கப்பலுக்கு வெளியிலேயே நின்று ரிட்டயர் ஆனார். அறுபது முடிந்தபோது திருக்கடையூர் போகலாமா என்று கேட்டோம். "கோயிலுக்கு எப்ப வேணா போலாம். ஒரு தடவ கப்பல்ல ஏறிப் பாத்துரணும்டா" என்றார். அவருக்குத் தன் அறையின் பால்கனியில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டு, மும்பைத் துறைமுகத்தின் இந்திரா டாக்கைக் கடலிலிருந்து பார்க்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

ஏஜென்ட் எங்கள் ஊர்ப்பக்கம். திருநெல்வேலிக்காரர். சேடா நகர் முருகன் கோயிலில் அப்பாவோடு பேசிப் பழக்கம், அப்பாவுக்கு அவர் அண்ணாச்சி. "தம்பி, நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம், எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றார். இரண்டு பால்கனி அறைகள், ஐந்து இரவு, சாப்பாடு, துறைமுகக் கட்டணம், தீவில் இறங்கிச் சுற்றிப் பார்ப்பது எல்லாம் சேர்த்து 2,64,000. கார்டில் கட்டுகிறேன் என்றேன். "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் கூட வரும், ஜிபேல போட்ருங்க." போட்டேன். அது முதல் தப்பு. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி இருந்திருக்கும். யு.பி.ஐ.யில் நாமே பின் போட்டு அனுப்பிய பணத்தை அப்படித் திரும்பக் கேட்பது எளிதில்லை.

இரண்டு நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு வவுச்சர் வந்தது. அவருடைய லெட்டர்ஹெட், மேலே கப்பல் கம்பெனியின் சின்னம், 'பால்கனி, 2 அறைகள், உறுதி' என்று தடித்த எழுத்து. கூடவே ஒரு படம்: பால்கனியில் நீல நாற்காலி, மேசையில் இளநீர். அறை எண் எங்கே என்று கேட்டேன். "அது ஏறும்போதுதான் தருவாங்க தம்பி." இது பாதி உண்மை, அதனால்தான் நம்பினேன். கப்பலில் விலை குறைந்த ஒரு வகைப் பதிவு உண்டு. எந்த ரக அறை என்பது மட்டும் உறுதி, எந்த அறை என்பதை நிறுவனம் கடைசியில் ஒதுக்கும். ஆனால் அப்படிப் பதிந்தாலும் நிறுவனத்தின் பதிவு எண் அன்றைக்கே வந்துவிடும். எங்கள் வவுச்சரில் இருந்தது அவருடைய இன்வாய்ஸ் நம்பர். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

வெப் செக்-இன் திறந்ததும், "நானே போட்டுத் தாரேன், ஆதார் காப்பி மட்டும் அனுப்புங்க" என்றார். லட்சத்தீவுக்கு இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி வேண்டும், அந்தப் படிவத்துக்குத்தான் என்று சொல்லி ஃபோட்டோவும் வாங்கிக்கொண்டார். உபகாரம் செய்கிறார் என்று நினைத்தோம். இப்போது யோசித்தால் புரிகிறது: நாங்களே செக்-இன் செய்திருந்தால் திரையில் அறையின் ரகம் தெரிந்திருக்கும். போர்டிங் பாஸையும் முழுசாக அனுப்பவில்லை, ஸ்கிரீன்ஷாட்டாகத்தான் வந்தது. ஓரம் வெட்டப்பட்டிருந்தது. வெட்டப்பட்ட ஓரத்தில்தான் அறையின் ரகத்தைச் சொல்லும் வரி இருந்திருக்கிறது.

கிளம்பிய நாள். சி.எஸ்.எம்.டி.யில் இறங்கி டாக்ஸி தேடினால், பக்கத்து தூரம் என்று ஒருவரும் வரவில்லை. மூட்டை முடிச்சோடு போகிறவர்கள் வீட்டிலிருந்தே வண்டி வைத்துக்கொள்ளுங்கள். கிரீன் கேட் வந்ததும் அப்பா எங்களுக்கு வழிகாட்டி ஆகிவிட்டார், எந்தக் கேட் வழியாக எந்தச் சரக்கு போகும் என்று பேரனுக்குப் பாடம் நடந்தது. பாலார்ட் பியர் டெர்மினலில் பெரிய பைகளை டேக் போட்டு வாங்கிக்கொண்டார்கள். அதில்தான் அப்பாவின் சுகர் மாத்திரையும் போயிற்று. பை அறைக்கு வந்து சேர ராத்திரி எட்டு மணி. மாத்திரை, மாற்றுத்துணி, அடையாள அட்டை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

கவுன்டரில் முதல் சிக்கல் அம்மாவின் பெயர். ஆதாரில் இனிஷியலும் பெயரும்தான். பதிவில் இனிஷியலை விரித்து, அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக ஒட்டி வைத்திருந்தார் ஏஜென்ட். பத்து பேர் நிற்கும் வரிசையில் தமிழர்களுக்கு மட்டும் நடக்கிற கூத்து இது. குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்கு இல்லை என்பதை இந்த ஊரில் வங்கி முதல் பள்ளிக்கூடம் வரை விளக்கிக்கொண்டே இருக்கிறோம், இப்போது கப்பல். நுழைவு அனுமதி வேறு அதே பெயரில் எடுத்திருந்தார்கள். ஒரு மேற்பார்வையாளர் வந்து, கல்யாணப் பத்திரிகை தவிர மற்ற எல்லாக் காகிதத்தையும் பார்த்து, முக்கால் மணி நேரம் கழித்து விட்டார். ஆதாரில் எப்படி இருக்கிறதோ, புள்ளி இடைவெளி உட்பட அப்படியே பதிவில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

அப்புறம்தான் பெரிய இடி. கவுன்டரில் இருந்த பெண் சாவி அட்டைகளைக் கொடுத்து, "இரண்டும் இன்டீரியர், முன்பக்கம்" என்றார். பால்கனி என்றேன், வவுச்சரைக் காட்டினேன். அவர் பொறுமையாகத் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். இரண்டு உள்ளறைகள், கட்டிய தொகை 1,71,400. பதிவு செய்த நாளிலிருந்தே அப்படித்தான். காசு கட்டி மாற்றிக்கொள்ளலாமா என்றால், பால்கனி அறைகள் முழுக்க விற்றுப்போயிருந்தன.

ஏஜென்டுக்கு அடித்தேன். முதல் தடவை எடுத்து, "கம்பெனிக்காரன் மாத்திட்டான் போலுக்கு, நான் பேசுதேன்" என்றார். அடுத்த ஏழு தடவை எடுக்கவில்லை. கப்பல் கரையை விட்டு விலகியதும் சிக்னல் போய்விட்டது. நடுக்கடலில் இன்டர்நெட் தனிக் காசு, அதுவும் கொஞ்ச நஞ்சமில்லை.

அப்பா கோபப்படவில்லை. வவுச்சரை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "பி.எல். நம்பர் இல்லாம ஒரு பெட்டிய நான் வெளிய எடுத்ததில்ல. இதுல நம்பர் எங்கன்னு நான் கேட்டிருக்கணும்" என்றார். பி.எல். என்பது பில் ஆஃப் லேடிங், சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் சீட்டு. சரக்குக்கு அது என்றால் பயணிக்குப் பதிவு எண். ஏஜென்ட் என்ன காகிதம் வேண்டுமானாலும் அடித்துத் தரலாம், கப்பல்காரனின் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் பயணம். முன்பணம் கட்டியதுமே பதிவு எண்ணை வாங்கி, நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை ஃபோன் நம்பரை அவர்கள் தளத்திலிருந்தே எடுத்து, நீங்களே பேசுங்கள். எந்த ரக அறை, எத்தனை பேர், எவ்வளவு கட்டப்பட்டிருக்கிறது, இன்னும் பாக்கி உண்டா என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. எனக்கு 92,600 ரூபாய் வேலை.

உள்ளறை பற்றி ஒரு வார்த்தை. ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். விடியற்காலை ஐந்துக்கு எழுந்தே பழகிய அம்மா, ராத்திரி இரண்டு மணிக்குக் குளித்துத் தயாராகி உட்கார்ந்திருந்தார். எங்கள் அறையில் நான்கு பேர், பிள்ளைகளுக்குச் சுவரிலிருந்து இறங்கும் மேல்படுக்கை, அவர்களுக்கு அது கொண்டாட்டம். முன்பக்க அறை என்பதால் இரண்டாம் நாள் ராத்திரி ஆட்டம் ஜாஸ்தி. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவாக இருக்கும். குமட்டல் மாத்திரையை வாந்தி வந்தபின் போட்டுப் பலனில்லை, டாக்டரிடம் முன்பே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொன்னால், பால்கனி இல்லாமலும் கப்பலை அனுபவிக்கலாம். திறந்த மேல்தளம் எல்லாருக்கும் பொது. அப்பா அங்கேதான் நின்று துறைமுகம் பின்னால் நகர்வதையும், கொலாபா முனையில் பிராங்ஸ் கலங்கரை விளக்கத்தையும் பார்த்தார். வெகுநேரம் பேசவே இல்லை. உள்ளறை எடுப்பது தப்பில்லை, உள்ளறைக்கான காசைக் கொடுத்து எடுக்க வேண்டும்.

'எல்லாம் சேர்த்து' என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய சாப்பாட்டு அரங்கு, பஃபே, மேடை நிகழ்ச்சிகள் எங்கள் கட்டணத்தில் அடக்கம். ஜூஸ், கூல்டிரிங்ஸ், தனி உணவகங்கள், மசாஜ் எல்லாம் அறைக் கணக்கில் ஏறும், கையில் காசு கொடுக்காததால் உறைக்காது. பிள்ளைகள் அட்டையைத் தேய்த்துக் குடித்த ஜூஸ் மட்டும் கடைசி ராத்திரி 4,300 ரூபாய். முதல் நாளே வரவேற்பு மேசையில் பிள்ளைகளின் அட்டைக்கு வரம்பு போடச் சொல்லலாம், எங்களுக்கு அது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. சைவச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, ஜைன உணவுகூட உண்டு. சாம்பார் மட்டும் மும்பை வழக்கப்படி இனித்தது. அம்மா தயிர்சாதத்திலேயே ஐந்து நாளையும் ஓட்டினார்.

மிச்சக் கதை தீவில். சுற்றிப் பார்க்க ஆளுக்கு 3,500 வீதம் 21,000 ரூபாய் ஏஜென்ட் வாங்கியிருந்தார். கப்பலின் சுற்றுலா மேசையில் போய் நேரம் கேட்டால், எங்கள் பெயரில் எதுவுமே பதிவாகவில்லை. சரி, இங்கேயே புதிதாகப் பதிந்துகொள்ளலாம் என்று நினைத்தபோது அறிவிப்பு வந்தது: அலை அதிகம், இறங்க முடியாது. லட்சத்தீவில் பெரிய கப்பல் கரைக்கு வராது. பவளத்திட்டுக்கு வெளியே ஆழத்தில் நின்றுகொள்ளும், சின்னப் படகில்தான் உள்ளே போக வேண்டும். அலை எழும்பினால் படகுக்கு மாறுவதே ஆபத்து, முடிவு கேப்டனுடையது. அதைக் குறை சொல்லவில்லை. ஒரு துறைமுகத்தைத் தவிர்க்கும் உரிமையைக் கப்பல் நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கும். ஆனால் கப்பலிலேயே சுற்றுலாப் பதிந்தவர்களுக்குப் பணம் அன்று சாயங்காலமே அறைக் கணக்கில் திரும்பி வந்தது. பக்கத்து மேசை குஜராத்திக் குடும்பம் அந்தக் காசில் ஐஸ்கிரீம் சாப்பிட்டதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்து ஏஜென்டிடம் நேரில் போனேன். "கம்பெனி பண்ணின தப்புக்கு நான் என்ன செய்ய" என்று ஆரம்பித்தவர், கவுன்டர் திரையை நான் படம் எடுத்து வந்திருந்ததைக் காட்டியதும், "நம்ம ஆளுக்குள்ள எதுக்குத் தம்பி இதெல்லாம்" என்றார். நம்ம ஆள் என்பதால்தானே கேட்காமல் கொடுத்தோம். ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் கேட்டேன், இன்றுவரை வரவில்லை.

1915, தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். இந்தியிலேயே பேசினேன், தமிழிலும் பேசலாம் என்று அப்புறம் தெரிந்தது. அதற்குப் பிறகு வக்கீல் நோட்டீஸ். அது போன பிறகு இரண்டு தவணையாக 40,000 வந்தது. மீதி 52,600க்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாக மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய விவரம், வெட்டிய ஸ்கிரீன்ஷாட் எதையும் அழித்துவிடாதீர்கள். ஃபோனில் பேசியதை உடனே ஒரு வரி மெசேஜாக, "நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று அனுப்பி வைப்பதும் நல்லது. நான் பாதியைப் பேச்சிலேயே விட்டுவிட்டேன்.

வெளிநாட்டுக் கப்பலுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று மட்டும். சிங்கப்பூரில் ஏறி, வேறு நாடு போய், சிங்கப்பூரிலேயே வந்து இறங்கும் பயணம் என்றால் திரும்ப உள்ளே வரவும் விசா செல்ல வேண்டும். ஒருமுறை நுழைவு போதாது. இதையும் ஏஜென்ட் வாய்வார்த்தையில் விடாதீர்கள்.

போன வெள்ளிக்கிழமை அந்த ஏஜென்டின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக் கப்பல், குடும்பத்தோடு வாருங்கள், சில அறைகளே பாக்கி. கீழே அதே பால்கனி, அதே நீல நாற்காலி, மேசையில் அதே இளநீர்.